நடுவில் ஒன்றுமில்லையா?
(ரேடியோத் துடிப்பின் தாமதத்தைக் கொண்டு விண்வெளி வாயுவை அளந்த வரலாறு)

புணேயிலிருந்து நாசிக் சாலையில் சுமார் எண்பது கிலோமீட்டர் போனால் நாராயண்காவ் வரும். தக்காளிக்கும் திராட்சைக்கும் பேர் போன ஊர். அங்கிருந்து கிளைச் சாலையில் கோடத் கிராமத்துக்குப் போகிற வழியிலேயே வயல்களுக்கு நடுவே பெரிய பெரிய கம்பி வலைக் கிண்ணங்கள் தெரிய ஆரம்பித்துவிடும். ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டம், மொத்தம் 30. மாபெரும் மீட்டரலை ரேடியோ தொலைநோக்கி என்று அதைச் சொல்கிறார்கள். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளை ஒட்டிப் பொதுமக்களை உள்ளே விடுவார்கள். அப்படி ஒரு வருஷம் நாங்களும் குடும்பத்தோடு போயிருந்தோம்.

அங்கே ஓர் ஆராய்ச்சி மாணவர், பல கோடி ஒளியாண்டு தூரத்திலிருந்து வரும் ரேடியோத் துடிப்புகளைப் பற்றி இந்தியில் விளக்கிக்கொண்டிருந்தார். வழியில் இருக்கும் வாயுவினால் அந்தத் துடிப்பு தாமதமாகிறது, அந்தத் தாமதத்தைத்தான் நாங்கள் அளக்கிறோம் என்றார். அப்போது எட்டாம் வகுப்பில் இருந்த என் பெண் என் சட்டையை இழுத்து, "அப்பா, நடுவுல ஒண்ணுமே இல்லையே, வெறும் வெட்டவெளிதானே? எதுல மாட்டிக்கிட்டு லேட்டாகும்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தால், அந்தக் கேள்விக்குப் பின்னால் எழுபது வருஷத்து வரலாறு இருக்கிறது. அவளுக்குத் தர வேண்டிய பதிலை இந்த மலரில் எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்தத் தாமதம் என்னவென்று பார்த்துவிடலாம். ஊர்த் திருவிழாவன்று ஒரே பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் இறங்குகிறார்கள். இருவருக்கும் ஒரே நடை வேகம்தான். ஒருவர் யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் விறுவிறுவென்று கடைத்தெருவைக் கடந்து வீட்டுக்குப் போய்விடுகிறார். மற்றவர் தெரிந்த முகம் ஒவ்வொன்றிடமும் நின்று, "என்ன மாமா, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார். இரண்டாமவர் எவ்வளவு பிந்தி வந்தார் என்று வீட்டு வாசலில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர் குறித்துக்கொண்டால் போதும். தெருவில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று தெருப்பக்கம் போகாமலே சொல்லிவிடலாம். ஆனால் அவர்கள் தெரு முழுக்கப் பரவி நின்றார்களா, தேரடியில் ஒரே கும்பலாக நின்றார்களா என்று மட்டும் சொல்ல முடியாது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

ரேடியோ அலைகளில் அதிர்வெண் கூடியது முதல் ஆள். அதிர்வெண் குறைந்தது நின்று நின்று வருகிற ஆள். வழியில் அது சந்திப்பவை, அணுவிலிருந்து பிரிந்து தனியே திரியும் எலக்ட்ரான்கள். ஒரே நொடியில் புறப்பட்ட துடிப்பில் உயர் அதிர்வெண் முன்னாலும் தாழ் அதிர்வெண் பின்னாலும் வந்து சேரும். அதிர்வெண் பாதியானால் தாமதம் நான்கு மடங்கு. மொத்தத் தாமதம், வழியில் இருந்த எலக்ட்ரான்களின் எண்ணிக்கைக்கு நேர் விகிதம். இயற்பியலில் இதைவிடச் சுத்தமான கணக்கு அதிகம் கிடையாது.

இனி வரலாறு. 1956ஆம் ஆண்டு பிரின்ஸ்டனில் இருந்த லைமன் ஸ்பிட்சர், நமது பால்வீதியின் தட்டுக்கு வெகு உயரத்தில் சில வாயு மேகங்கள் கலையாமல் நிற்பதைக் கவனித்தார். சுற்றிலும் ஒன்றுமில்லாவிட்டால் அவை ஊதிப் பரவிக் காணாமல் போயிருக்க வேண்டும். எனவே அவற்றை வெளியிலிருந்து அழுத்திப் பிடிக்க ஏதோ இருக்கிறது. அது பத்து லட்சம் டிகிரி வெப்பமும் மிகக் குறைந்த அடர்த்தியும் கொண்ட வாயுப் போர்வையாக இருக்கலாம் என்று எழுதினார். அவ்வளவு சூடான, அவ்வளவு நீர்த்த வாயு கண்ணுக்குத் தெரியாது, சாதாரணத் தொலைநோக்கிக்கும் தெரியாது. 1969இல் ஜான் பாகாலும் ஸ்பிட்சரும் சேர்ந்து இன்னொரு யோசனை சொன்னார்கள்: தொலைவிலுள்ள குவேசார்களின் ஒளியில் காணப்படும் கறுப்புக் கோடுகள், வழியில் இருக்கும் விண்மீன் மண்டலங்களின் வாயுப் போர்வை விட்டுச் சென்ற தடயங்கள். இந்த வழியில் பிற்பாடு நிறைய வேலை நடந்தது. ஹபிள் தொலைநோக்கியில் 2009இல் பொருத்திய நிறமாலைக் கருவி, மண்டலங்களின் விளிம்பைத் தாண்டி வெகுதூரம் வாயு பரவியிருப்பதைக் காட்டியது. ஆனால் அந்தக் கோடுகள் ஹைட்ரஜன், ஆக்சிஜன், மக்னீசியம் என்று குறிப்பிட்ட சில அணுக்களை, அவையும் குறிப்பிட்ட நிலையில் இருந்தால் மட்டுமே, காட்டும். தெருவில் சிவப்புச் சட்டை போட்டவர்களை மட்டும் எண்ணி மொத்தக் கூட்டத்தை ஊகிப்பது போல.

இதற்குள் இன்னொரு தலைவலி முளைத்தது. பெருவெடிப்பின்போது உண்டான டியூட்டிரியத்தின் அளவைக் கொண்டும், பிற்பாடு பின்னணி நுண்ணலைக் கதிர்வீச்சைக் கொண்டும், பிரபஞ்சத்தில் சாதாரணப் பொருள் எவ்வளவு இருக்க வேண்டும் என்று துல்லியமாகத் தெரிந்துவிட்டது. மொத்த ஆற்றல் கணக்கில் சுமார் 5 சதவீதம். (இருண்ட பொருள் என்பது வேறு சமாசாரம், அதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நான் சொல்வது நீங்களும் நானும் ஆன சாதாரண அணுக்கள்.) ஆனால் ஃபுகுகிதா, ஹோகன், பீபிள்ஸ் ஆகிய மூவர் 1998இல் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வரவு வைத்தபோது, நம் காலத்துப் பிரபஞ்சத்தில் கண்ணால் கண்டு உறுதியாக எண்ண முடிந்தது பாதிக்கும் குறைவு. விண்மீன்களில் இருப்பது மிகச் சொற்பம். மீதி எங்கே? 2012 வாக்கில்கூடச் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு விலாசம் தெரியவில்லை.

ஊரில் வீடு வீடாகப் போய்க் குடிக்கணக்கு எடுத்தால் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். பம்பாய், டில்லி, புணே என்று போயிருப்பார்கள். நம் சங்கத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விண்மீன் மண்டலங்களுக்குள் எண்ணினால் கிடைக்காதவை, வெளியில் எங்கோ இருக்கின்றன என்றே எல்லோரும் நம்பினார்கள். எண்ணத்தான் வழியில்லை.

வழி உண்மையில் 1967லேயே கையில் கிடைத்திருந்தது. கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி, தன் பேராசிரியர் ஆண்டனி ஹியூவிஷின் மேற்பார்வையில், சூரியக் காற்றினால் ரேடியோ மூலங்கள் எப்படிக் கண் சிமிட்டுகின்றன என்று பார்க்க ஒரு கருவி அமைத்தார். அதில் 1.337 நொடிக்கு ஒரு முறை துடிக்கும் ஒன்று அகப்பட்டது. அதுதான் முதல் பல்சார். 1968இல் வந்த முதல் கட்டுரையிலேயே, உயர் அதிர்வெண் முன்னாலும் தாழ் அதிர்வெண் பின்னாலும் வருவதைக் குறித்து, அந்தத் தாமதத்திலிருந்து தூரத்தைக் கணக்கிட்டிருந்தார்கள். 65 பார்செக், அதாவது 200 ஒளியாண்டுக்குச் சற்று மேல் என்று விடை வந்தது. எலக்ட்ரான் அடர்த்தியைக் கூடுதலாக வைத்துக்கொண்டதால் தூரம் குறைந்துபோயிற்று. தெருவில் எவ்வளவு நெரிசல் என்று நாமே ஓர் உத்தேசம் வைத்துக்கொண்டு தெருவின் நீளத்தைச் சொல்கிற முறை அது. நீளம் வேறு வழியில் தெரிந்துவிட்டால் நெரிசலைச் சொல்லலாம் அல்லவா? பல்சார்களைக் கொண்டு பால்வீதிக்குள் அப்படித்தான் எலக்ட்ரான் வரைபடம் போட்டார்கள். ஆனால் பல்சார்கள் மங்கலானவை. மெகல்லன் மேகங்களைத் தாண்டினால் கேட்காது. பால்வீதிக்கு வெளியே தெரு இருந்தது, நடந்து வர ஆள் இல்லை.

இந்த இடத்தில் நம் ஊட்டியைச் சொல்லாமல் போவதற்கில்லை. 1970இல் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் முத்தோரையில் கட்டிய ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊட்டியின் அட்சரேகை 11 டிகிரி. அதே 11 டிகிரி சாய்வுள்ள மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, வடக்குத் தெற்காக அதன்மேல் கிடத்தினார்கள். இதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட, ஒரே ஒரு சுழற்சியில் வானத்துப் பொருளை மணிக்கணக்காகத் தொடர முடிகிறது. தொலைவிலுள்ள ரேடியோ மூலங்கள் சிமிட்டுவதைப் பார்த்து இடையிலுள்ள சூரியக் காற்றை அறிகிற வேலையை அங்கே பல்லாண்டு செய்திருக்கிறார்கள். பின்னாலிருக்கும் விளக்கைக் கொண்டு நடுவிலிருக்கும் புகையை அளக்கிற அதே வித்தைதான், அளவு சிறிது. அதே ஸ்வரூப்பின் முயற்சியில்தான் பிறகு நாராயண்காவ் கிண்ணங்களும் எழுந்தன. அவர் 2020 செப்டம்பரில் காலமானார்.

ஆள் வந்து சேர்ந்தது 2001இல். வந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் என்ற ஊரில் உள்ள 64 மீட்டர் தொலைநோக்கி மெகல்லன் மேகங்களில் பல்சார் தேடிக்கொண்டிருந்தபோது பதிவான நாடாக்களை, 2007இல் மேற்கு வர்ஜீனியாவில் டங்கன் லாரிமர் மறுபடி ஆராய வைத்தார். பார்த்தவர் டேவிட் நார்கெவிக் என்ற இளங்கலை மாணவர். ஒரே ஒரு துடிப்பு. ஐந்து மில்லிசெகண்டுக்கும் குறைவு. கருவியே திக்குமுக்காடும் அளவுக்குப் பிரகாசம். தொலைநோக்கி பார்த்த அலைவரிசைக்குள் மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் இடையே நொடியில் மூன்றில் ஒரு பங்குத் தாமதம். அந்தத் திசையில் பால்வீதி முழுவதிலும் உள்ள எலக்ட்ரான்களைக் கூட்டினாலும் இந்தத் தாமதத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆகவே இது நூறு கோடி ஒளியாண்டுக்கும் அப்பாலிருந்து வந்திருக்க வேண்டும் என்று எழுதினார்கள்.

நம்பியவர்கள் குறைவு. ஒரு தடவை வந்தது, திரும்ப வரவில்லை. 2011இல் நிலைமை இன்னும் மோசமாயிற்று. அதே பார்க்ஸ் பதிவுகளில் இதே மாதிரித் தாமதத்தோடு பதினாறு துடிப்புகளை சாரா பர்க்-ஸ்போலார் குழுவினர் எடுத்துக் காட்டினார்கள். அவை வானத்தில் ஒரு புள்ளியிலிருந்து வராமல் எல்லாப் பக்கமிருந்தும் வந்தன. அதாவது பூமியிலேயே கிளம்பியவை. அப்படியானால் லாரிமர் கண்டதும் அதுதானோ? இந்தச் சந்தேகம் முழுதாகத் தெளிய 2015 ஆயிற்று. எமிலி பெட்ராஃப் என்ற ஆராய்ச்சி மாணவியும் சக விஞ்ஞானிகளும் துப்பறிந்ததில், குற்றவாளி தொலைநோக்கி வளாகத்தின் மைக்ரோவேவ் அடுப்பு! நேரம் முடியுமுன் பொறுமையில்லாமல் கதவைத் திறந்தால், அடுப்பு அணைகிற அந்தக் கணத்தில் ஓர் அலை வெளியே தப்பிவிடும். மதியச் சாப்பாடு சூடு பண்ணிய யாரோ ஒருவர் பல ஆண்டுகளாக வானியலை ஆட்டி வைத்திருக்கிறார். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது சிரிப்பு மட்டுமல்ல. சந்தேகத்தை மூடி மறைக்காமல், சமையலறை வரை போய்ப் பார்த்தார்களே, அதுதான். லாரிமரின் துடிப்பு அடுப்பில் வந்ததல்ல என்று சொல்லும் தெம்பு அதற்கப்புறம்தான் கிடைத்தது. நாராயண்காவில் வாசலிலேயே செல்போனை அணைக்கச் சொன்னபோது முணுமுணுத்தவன் நான், இப்போது முணுமுணுப்பதில்லை.

அதற்கிடையே 2013இல் இன்னும் நான்கு வெடிப்புகள் அறிவிக்கப்பட்டன. இவற்றுக்கு விரைவு ரேடியோ வெடிப்பு, சுருக்கமாக எஃப்.ஆர்.பி., என்ற பெயர் நிலைத்தது. ஆனால் எந்த விண்மீன் மண்டலத்திலிருந்து வருகிறது என்று தெரியாத வரைக்கும் தெருவின் நீளம் தெரியாது. தெரியாவிட்டால் கணக்கு இல்லை. 2012இல் அரெசிபோவில் அகப்பட்ட ஒன்று திரும்பத் திரும்பத் துடிப்பது என்று 2016இல் தெரியவந்தது. திரும்ப வருகிறவனைப் பதுங்கியிருந்து பிடிக்கலாம். ஷமி சாட்டர்ஜி தலைமையில் ஒரு குழு அதன் இடத்தை நுணுக்கமாகக் குறித்தது. ஸ்ரீஹர்ஷ் தெந்துல்கர் முதலானோர் அங்கே ஒரு குட்டி விண்மீன் மண்டலம் இருப்பதைக் கண்டு அதன் தூரத்தை அளந்தார்கள். 2017 ஜனவரியில் வெளியான செய்தி இது. இருநூறு கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் என்று உறுதியானதும் பத்து வருஷத்து வாக்குவாதம் முடிந்தது.

மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் 36 கிண்ணங்கள் கொண்ட ஆஸ்காப் தொலைநோக்கி, ஒரே தடவை துடித்து மறைகிறவற்றையும் இடம் குறிக்கும் வித்தையை 2018இல் கைவசப்படுத்தியது. அந்தக் குழுவில் இருந்த ழான்-பியேர் மக்கார் என்பவர்தான் நம் கதையின் மையம். தூரம் தெரிந்த வெடிப்புகளை ஒரு தாளில் குறித்தார்: ஒரு பக்கம் தூரம், மறுபக்கம் தாமதம். பால்வீதியின் பங்கையும் வெடிப்பு நிகழ்ந்த மண்டலத்தின் பங்கையும் கழித்தால், மீதி இடைவெளியில் உள்ள எலக்ட்ரான்களின் கணக்கு. புள்ளிகள், காணாமல் போன பொருள் எல்லாம் வெளியில் இருந்தால் எந்தக் கோட்டில் விழ வேண்டுமோ அதையொட்டி விழுந்தன. ஒரு கைவிரலில் எண்ணக்கூடிய சில வெடிப்புகளை வைத்துத்தான் இந்தக் கணக்கு; பிழை வரம்பும் பெரிதுதான். ஆனாலும் இருபது வருஷமாக விலாசம் தெரியாதிருந்தவை இதில் எண்ணப்பட்டுவிட்டன. கட்டுரை 2020 மே மாதக் கடைசியில் 'நேச்சர்' இதழில் வந்தது. ஜூன் 9ஆம் தேதி மக்கார் மாரடைப்பால் இறந்துபோனார். நாற்பதுகளின் நடுவயது. தூரத்துக்கும் தாமதத்துக்கும் உள்ள அந்த உறவை இன்று மக்கார் உறவு என்றே எல்லோரும் சொல்கிறார்கள்.

இந்த எண்ணங்கள் எவ்வளவு நுண்ணியவை என்று ஒரு சொல். பிரபஞ்சம் முழுதையும் சராசரி பார்த்தால் நாலு கன மீட்டருக்கு ஒரு அணுதான். பத்துக்குப் பன்னிரண்டு அடி படுக்கையறையில் மொத்தம் எட்டு அணு! அறையின் காற்றில் ஒரு கன சென்டிமீட்டரிலேயே கோடி கோடியாய் மூலக்கூறுகள் இருக்கின்றன. பாப்பா வெறும் வெட்டவெளி என்று சொன்னதில் தப்பில்லை. தெரு அவ்வளவு நீளம், அதனால்தான் எட்டு எட்டாகச் சேர்ந்து கணக்கில் தெரிகிறது.

இனி ஸ்பிட்சர் சொன்ன வாயுப் போர்வைக்கு வருகிறேன். மொத்தத்தை எண்ணியாகிவிட்டது, தேரடியில் எத்தனை பேர், தெருவில் எத்தனை பேர் என்று பிரிப்பது எப்படி? வழியில் குறுக்கே ஒரு விண்மீன் மண்டலம் நிற்கும் வெடிப்பாகத் தேட வேண்டும். 2018 நவம்பர் 12இல் ஆஸ்காப் பிடித்த ஒன்று அப்படி அமைந்தது. அது கிளம்பிச் சுமார் 500 கோடி ஆண்டுகள் ஆகின்றன. வழியில், பெரிய மண்டலம் ஒன்றின் மையத்திலிருந்து சுமார் 95,000 ஒளியாண்டு தள்டி, அதன் போர்வையை ஊடுருவிக்கொண்டு வந்திருக்கிறது. ஜே. சேவியர் புரோகாஸ்கா தலைமையில் 2019இல் வெளியான ஆய்வின்படி, அந்தத் துடிப்பு 40 மைக்ரோசெகண்டுக்கும் குறைவான கூர்மையோடு வந்து சேர்ந்தது. போர்வை கட்டி கட்டியாக, கொந்தளிப்பாக இருந்திருந்தால் துடிப்பு மழுங்கியிருக்கும். மழுங்கவில்லை. அடர்த்தி மிகக் குறைவு, காந்தப்புலமும் மிகச் சொற்பம். கொதிக்கும் குளம் என்று எதிர்பார்த்துப் போனால் அமைதியான ஏரி. ஒரே ஒரு மண்டலத்தை, அதிலும் ஒரே ஒரு கோட்டில் பார்த்தது என்பதை மறக்கக்கூடாது.

எண்ணிக்கை கூடியது கனடாவின் சைம் தொலைநோக்கியால். 2021இல் அவர்கள் வெளியிட்ட முதல் பட்டியலிலேயே ஐந்நூறுக்கு மேற்பட்ட வெடிப்புகள். அவற்றில் பக்கத்து மண்டலங்களின் போர்வை வழியாக வந்தவை, மற்றவற்றைவிடக் கூடுதலாகத் தாமதப்பட்டிருப்பதை லியம் கானரும் விக்ரம் ரவியும் 2022இல் காட்டினார்கள். நம் சொந்த வீடான பால்வீதி என்ன கதை? 2022 மார்ச்சில் கலிபோர்னியாவின் டி.எஸ்.ஏ.-110 தொலைநோக்கி, சுமார் 16 கோடி ஒளியாண்டுகளில், அதாவது மிகப் பக்கத்தில், ஒரு வெடிப்பைப் பிடித்தது. தெரு குட்டை என்பதால் மொத்தத் தாமதமும் குறைவு. பால்வீதியின் பங்குக்கு உச்சவரம்பு போட வசதியாயிற்று. விடை: பால்வீதியின் போர்வையில் இருக்க வேண்டிய பங்கைவிடக் குறைவாகவே வாயு இருக்கிறது. பிரபஞ்சத்தின் சராசரி விகிதப்படி நமக்கு வர வேண்டியதில் ஒரு பகுதி வெளியேறிவிட்டது, அல்லது உள்ளேயே வரவில்லை. விண்மீன்கள் வெடிக்கும்போதும், மையக் கருந்துளைகள் சீறும்போதும் வாயு வெளியே தள்ளப்படுகிறது என்று கருதுகிறார்கள்.

2025 ஜூனில் கானர், ரவி முதலானோர் தூரம் தெரிந்த 69 வெடிப்புகளைக் கொண்டு போட்ட குடிக்கணக்கு இது: சாதாரணப் பொருளில் சுமார் 76 சதவீதம் விண்மீன் மண்டலங்களுக்கு இடையிலான வெளியில், சுமார் 15 சதவீதம் மண்டலங்களைச் சுற்றியுள்ள போர்வைகளில், மீதிதான் விண்மீன்களும் மண்டலங்களுக்குள் இருக்கும் குளிர்ந்த வாயுவும். இரவில் நாம் அண்ணாந்து பார்த்து வியப்பதெல்லாம் அந்தக் கடைசி மீதிக்குள் அடக்கம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். துடிப்பை எது எழுப்புகிறது என்பது இன்னும் முழுதாகத் தெளியவில்லை. 2020 ஏப்ரலில் நம் பால்வீதியிலேயே உள்ள ஒரு மேக்னட்டார், அதாவது மிக வலிய காந்தப்புலம் கொண்ட இறந்த விண்மீன், இப்படி ஒரு துடிப்பை எழுப்பியது. எல்லா வெடிப்பும் அதே வகைதானா என்பது விவாதத்தில் இருக்கிறது. வெடிப்பு நிகழும் மண்டலத்தின் சொந்த வாயு எவ்வளவு தாமதம் சேர்க்கிறது என்பதும் கணக்கில் ஒரு முள். அந்த இடத்தில்தான் நாராயண்காவ் உதவுகிறது. 16 நாளுக்கு ஒரு முறை சுறுசுறுப்பாகும் ஒரு வெடிப்பின் துடிப்புகளைத் தாழ் அதிர்வெண்ணில் பிடித்ததோடு, 2022இல் அதன் தாய் மண்டலத்தின் ஹைட்ரஜன் வாயுவையும் அந்தக் கிண்ணங்களைக் கொண்டு வரைபடமாக்கினார்கள். அந்த மண்டலம் அண்மையில் இன்னொன்றோடு மோதிக் கலந்திருக்கிறது என்று தெரிந்தது.

என் பெண் இப்போது கல்லூரியில் வணிகவியல் படிக்கிறாள். கட்டுரையை வாசித்துக் காட்டியபோது கடைத்தெரு உதாரணம் வந்ததும் நிறுத்தி, "அப்பா, அந்த நின்னு நின்னு வர்ற ஆள் நீங்கதானே?" என்றாள். பிறகு, "சரி, அந்த எழுபத்தாறு சதவீதம் திரும்பி உள்ள வருமா?" என்று கேட்டாள். கொஞ்சம் குளிர்ந்து திரும்ப விழும், புது விண்மீன்களாகும் என்று படித்திருக்கிறேன். எவ்வளவு என்பதைத்தான் இந்தத் தாமதங்களைக் கொண்டு இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன்.